கூரையில் ஒரு நேர்த்திக்கடன்

மழை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கேப்டன். வீட்டுக்கு வெளியே பெய்கிற வரைக்கும்.

சோலார் பலகை போட்ட பிறகு அது உள்ளேயும் பெய்ய ஆரம்பித்தது. பலகை மாட்ட வந்த ரோடெல் என் தகரக் கூரையில் இருபத்திரண்டு ஓட்டை போட்டார். ரப்பர் வாஷர் வைத்தது ஒன்பதில்தான். மீதிக்கு மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி எதையோ அப்பிவிட்டுப் போய்விட்டார். வயர்களைக் கட்டவில்லை. காற்றடித்தால் தகரத்தில் டக் டக்கென்று தட்டும். எதிர்வீட்டு பீபிங், "கொன்சிங் அக்கா, உங்க வீட்டு மேல யாரு டான்ஸ் பழகுறது?" என்பாள். போன மழைக்காலம் முழுக்கத் தலைமாட்டில் வாளியோடு தூங்கினேன்.

போனில் கூப்பிட்டால் "நாளைக்கு வந்துடுறேன்கா" என்பார். பதினோரு மாதம் அந்த நாளை வரவில்லை. இன்னும் பத்துப் பலகை போட வேண்டும் என்று செய்தி அனுப்பினேன். அரை மணியில் வந்துவிட்டார். ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துப் புதன்கிழமை அது. வந்ததும் தன் போனை என் வீட்டில் சார்ஜ் போட்டார். அந்த சோலாரால் உருப்படியாகப் பயனடைந்தவர் அவர் ஒருவர்தான். கருவிப் பையோடு கூரைக்கு ஏறினார். நான் ஏணியை எடுத்தேன். மெதுவாகத்தான் எடுத்தேன், சுவரில் கீறல் விழக்கூடாதே.

"அக்கா, ஏணி எங்க?"

"வேலைய முடிங்க தம்பி, வரும்."

இரண்டு மாடி உயரம். சுற்றுச்சுவர் மேல் கண்ணாடிச் சில்லு. குதிக்க முடியாது. சோலார் வயரைக் கட்டித் தொங்கி இறங்கியிருக்கலாம். ஆனால் அவர் போடும் முடிச்சை அவரே நம்பவில்லை போலிருக்கிறது. வாஷர், தண்ணீர் எல்லாம் மாங்காய் பறிக்கும் கழியில் நானே எட்டிக் கொடுத்தேன். கொடுமைக்காரி என்றால் அதைச் செய்வேனா?

சத்தம் போட்டார்தான். அதனால் பீபிங்கிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அவளிடம் சொன்னால் கோயில் மணி தேவையில்லை. ரோடெல், தான் செய்த அரைகுறை வேலைக்கெல்லாம் பரிகாரமாக, ஈஸ்டர் வரை கூரையை விட்டு இறங்குவதில்லை என்று நேர்ந்துகொண்டிருக்கிறார், நடுவில் கெஞ்சுவார், இறக்கிவிட்டால் பாவம் இறக்கியவர் தலையில். இவ்வளவுதான் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. புனித வாரத்தில் பரிகாரமென்று சாட்டையால் முதுகைக் கிழித்துக்கொள்பவர்களை வருஷா வருஷம் பார்த்துப் பழகிய தெரு நம்முடையது. பீபிங்கின் கணவரே போன வருடம் அடித்துக்கொண்டார், காயம் ஆறுமுன் மறுபடி குடிக்கப் போனார். கூரையில் உட்காருவது எம்மாத்திரம்?

"உசுரு போவுது, ஏணிய வைங்கம்மா!" என்று மேலிருந்து ரோடெல் கத்துவார்.

"எப்படி மனசுருகிக் கேக்குறான் பாரு," என்று பீபிங் கண்ணைத் துடைப்பாள். "யாரும் எளகிடாதீங்கடி!"

வட்டாரத் தலைவரான நீங்களும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, "இன்னும் ரெண்டே நாளு தம்பி, பல்லைக் கடிச்சுக்க," என்றீர்கள். குறை சொல்லவில்லை, கேப்டன். எழுதுகிறவர் அதையும் எழுதிக்கொள்ளட்டும் என்றுதான்.

வெள்ளிக்கிழமை தகரத்தில் முட்டை பொரிக்கலாம், அப்படி வெயில். பலகைக்கு அடியில் தவழ்ந்து படுத்துக்கொண்டார். அன்று நான் விரதம், ஒரு பருக்கை தொடவில்லை. அவருக்கு மட்டும் கொடுத்து அவர் புண்ணியத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். தண்ணீரும் கொஞ்சம் குறைவாகத்தான் போயிற்று. வந்தவர்களைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது. சனிக்கிழமை அவர் குரல் நின்றது. பரவசத்தில் ஆழ்ந்துவிட்டார் என்று எல்லோரும் மண்டியிட்டார்கள். ஈஸ்டர் காலை இறக்கியபோது கை கால் உரிந்திருந்தது. டாக்டர் சிறுநீரகத்தைப் பற்றி ஏதோ சொன்னார். பிழைப்பாரா என்பது இந்த வாரம் போனால்தான் தெரியுமாம்.

கூரை வேலை எப்போது முடிந்தது என்று கேட்டீர்கள். மறைக்கவில்லை, வியாழன் மதியமே முடிந்துவிட்டது. குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. அவ்வளவு அழகான வேலை. ஏணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குக்கூட வந்தேன். அங்கே பதினேழு பேர் ஜெபமாலையோடு நின்றார்கள். தொலைவிலிருந்து வேனில் வேறு ஆட்கள் வருவதாகப் பேச்சு. என் வாசலில் இத்தனை பேர் நின்று எத்தனை வருடமாயிற்று. "அக்கா, நீங்க குடுத்து வச்சவங்க," என்றாள் ஒருத்தி. ஏணியைப் பழையபடி உள்ளே வைத்துவிட்டு, எல்லோருக்கும் தேங்காய்ப்பால் பாயசம் காய்ச்சினேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைக் கண்டதும் ரோடெல் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு அழுதார். பாவம், தான் செய்த வேலையை நினைத்து இப்போதுதான் வெட்கம் வந்திருக்கிறது.