சீட்டில் இல்லாத பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் நகரி–பிச்சாட்டூர் பேருந்துப் பெண் தொழிலாளர் சங்கத் தலைவர் திரு. நாகபூஷணம் அவர்களே, மறைந்த தேவசேனாவின் அண்ணன் திரு. முனிகிருஷ்ணன் அவர்களே, ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் பெண்களே, உங்கள் எல்லோருக்கும் சங்கத்தின் செயலாளர் கன்னிகாவின் வணக்கம்.

தேவசேனாவைப் பற்றிப் பேசுமுன், என்னைப் பற்றிய ஒரு செய்தியைத் திருத்த வேண்டியிருக்கிறது. இறந்துபோன தேவசேனாவைத் தறிக்கொட்டகையில் நான் கண்ணால் பார்த்தேன் என்றும், பார்த்த இடத்திலேயே மயங்கி விழுந்தேன் என்றும் பத்து நாட்களாக இந்த ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. நான் யாரையும் பார்க்கவில்லை. எழுபத்து மூன்று வயதில் ஒருமுறைகூட நான் மயங்கி விழுந்ததில்லை. என் கணவரின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றும் நின்றுகொண்டுதான் இருந்தேன். நேராக உட்கார வேண்டும், நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்று கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் எனக்குச் சொல்லித் தந்தார்கள். கொட்டகையில் நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை மட்டும் இன்று சொல்கிறேன்.

தேவசேனா யார்? ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையின் பேருந்துப் பொறுப்பாளர். மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால், சத்தியவேடு, பிச்சாட்டூர் வழியாக நகரி வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெண்களை இறக்கிவிடுவது அவர் வேலை. இறக்கிவிட்டதோடு வேலை முடிந்தது என்று சம்பளம் கொடுத்தவர்கள் நினைத்தார்கள். தேவசேனா அப்படி நினைக்கவில்லை. இறங்கும் இடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே கிடக்கிறதே அந்த ஒரு கிலோமீட்டர், அதற்கு யார் பொறுப்பு? அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர். அதற்குத் தவறான பதில் சொன்னவள் நான்.

ஆம், நான்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன், பெண்களுக்குத் தற்காப்புக் கலை ஒன்றைக் கற்றுத் தர சங்கம் முடிவு செய்தது. எந்தக் கலை என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கராத்தேயைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளைச் சீருடை எனக்குப் பிடித்திருந்தது. வரிசையில் நிற்பது பிடித்திருந்தது. பெல்ட்டும் தேர்வும் சான்றிதழும் பிடித்திருந்தன. அந்தப் பெண்கள் எந்தப் பாதையில் நடக்கிறார்கள் என்று மட்டும் நான் போய்ப் பார்க்கவில்லை.

அந்த வகுப்பில் முதலாவதாகப் பழுப்பு பெல்ட் வாங்கியவள் பிரித்திகா. பிச்சாட்டூர் அணைக்கரையில், பட்டப்பகலில், பின்னாலிருந்து ஒருவன் அவள் பையைப் பிடித்து இழுத்தான். பிரித்திகா திரும்பினாள். காலை ஊன்றினாள். பிறகு, அடிக்குமுன் எதைச் செய்யப் பழகியிருந்தாளோ அதையே செய்தாள். தலை குனிந்து வணங்கினாள். குனிந்த தலையைப் பிடித்து அவன் கல்லின் மேல் தள்ளினான். தோள் எலும்பு முறிந்தது. அந்த ஆள் இன்றுவரை அகப்படவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "யாருமே ஆரம்பின்னு சொல்லல மேடம்."

கராத்தேயை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கலையிடம் அணைக்கரையைப் பற்றிச் சொல்லாமலே வேலை வாங்கப் பார்த்தேன். தவறு என்னுடையது.

அதன் பிறகுதான் தேவசேனாவிடம் போனேன். மாவட்டத்துக்காகக் கபடி ஆடியவர். விளையாட்டு விடுதியில் ஜூடோ படித்தவர். குத்துச்சண்டையா, சிலம்பமா, ஜூடோவா, எது நல்லது என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"சிலம்பக் கம்ப செக்யூரிட்டி கேட்லயே புடுங்கி வெச்சிக்குவான் மேடம். இன்னா கலைன்னு அப்புறம் பாக்கலாம். இந்தப் பொண்ணுங்க கால்ல இன்னா போட்டுக்கினு போறாங்க, கையில இன்னா வெச்சினு போறாங்க, எந்த வெளிச்சத்துக்கு ஓடணும், மொதல்ல அத்த எழுதிக்கினு வாங்க."

எழுதிக்கொண்டு போனேன். ரப்பர் செருப்பு. டிபன் பை. ஜல்லி போட்ட பாதை. ஓடிச் சேர ஒரு டீக்கடை, ஒரு ரயில்வே கேட், ஒரு ரைஸ் மில். அதைப் படித்துவிட்டுத்தான் அவர் பாடத்தை முடிவு செய்தார். ஜூடோவிலிருந்து விழக் கற்றுக்கொடுத்தார். கபடியிலிருந்து பிடியை உதறிக் கோட்டுக்கு வரக் கற்றுக்கொடுத்தார். ஏழு பேர் பிடித்தாலும் கோட்டைத் தொட்டால் போதும் என்ற ஆட்டம் நம் மண்ணிலேயே இருக்கும்போது, நான் எங்கெங்கோ தேடியிருக்கிறேன்!

கேன்டீனில் வேலை செய்யும் செங்கம்மா முதல் நாளே அவரைக் கேலி செய்தார். "என்னத் தூக்கினு போறவன் முதுகு ஒடிஞ்சிடும், எனக்கு எதுக்கு இதெல்லாம்?" அதே செங்கம்மாவின் மணிக்கட்டை ரயில் நிலையப் படிக்கட்டில் ஒருவன் பிடித்தான். அவர் கத்தினார், விழுந்தார், உதறினார், டிக்கெட் கவுன்ட்டருக்கு ஓடினார். ஓடிவந்ததை வெட்கமாகச் சொன்னபோது தேவசேனா கேட்டார்: "ஊட்டுக்கு வந்து சோறு துன்னியா இல்லையா? அதான் ஜெயிச்சது."

ஆனால் அவருடைய பாடங்களில் முக்கியமானது ஒன்று உண்டு. ஊரில் வதந்தி கிளம்பியதும் அதிலிருந்துதான்.

தறிகளைக் கழற்றி எடுத்த பழைய கொட்டகையில்தான் வகுப்பு. பதினொரு பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக நடப்பார்கள். தேவசேனா வெறுங்காலோடு ஒருத்தியின் பின்னால் போவார். தன் பின்னால் ஆள் வந்ததாக உணர்ந்தவள் கை தூக்க வேண்டும். யார் யார் பின்னால் எந்த வரிசையில் போகப்போகிறார் என்று முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதி, மடித்து, குண்டூசி குத்தி என்னிடம் தருவார். கை தூக்கியவர்களை நான் நோட்டில் எழுதுவேன். கடைசியில்தான் சீட்டைப் பிரிப்போம். பக்கத்துக் கொட்டகையின் பஞ்சுத் தூசி தரையில் படிந்திருக்கும். அதில் பதினொரு பேரின் தடமும் தெரியும். அவருடையது தெரியாது. முன்னால் போகிறவளின் தடத்திலேயே காலை வைத்து நடப்பார்.

அணைக்கரைச் சம்பவத்துக்குப் பிறகு பிரித்திகா எல்லாவற்றுக்கும் கை தூக்கினாள். யாரும் வராதபோதும் தூக்கினாள். "பயத்துக்குக் கை தூக்காதடி, ஆளுக்குத் தூக்கு" என்பார் தேவசேனா. அவளைத் திட்டியதில்லை.

சென்ற மாதம் ஒரு நாள் காய்ச்சலோடு வந்தார். சீட்டைக் கொடுத்தார். வகுப்பை நடத்த முடியவில்லை; எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திருப்பதிக்கு மருத்துவமனைக்குப் போனார். ஐந்தாம் நாள் உடலாகத்தான் திரும்பினார். நாற்பத்தாறு வயது.

பதினான்காம் நாள் அந்தப் பெண்கள் கொட்டகையில் கூடினார்கள். அவர் நினைவாக ஒருமுறை நடக்கலாம் என்றார்கள். பின்னால் போக யாரும் இல்லை. நான் வழக்கம்போல் நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்தேன். மாலை நாலு நாற்பதுக்கு மின்சாரம் போனது. பக்கத்துத் தறிகள் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. அந்த அமைதியில் பதினொரு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். நல்ல வெயில் கூரை ஓட்டை வழியாக விழுந்துகொண்டிருந்தது.

செங்கம்மா கை தூக்கினார். சற்று நேரத்தில் இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி. சேர்ந்தாற்போல் அல்ல, ஒருத்தியிடமிருந்து அடுத்தவளிடம் நடந்து போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு இடைவெளி விட்டு. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். ஓர் எழுத்தும் கோணவில்லை. எழுத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். பத்துப் பேர் கை தூக்கினார்கள். பிரித்திகா மட்டும் தூக்கவில்லை. அந்த வகுப்பில் முதல் முறையாக, இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு சுவர் வரை நடந்தாள்.

கண்ணைத் திறந்ததும் செங்கம்மா கேட்டார்: "ஏன்டி, உனக்கு ஒன்னும் தெரியலியா?"

பிரித்திகா சொன்னாள்: "உங்க பின்னாலல்லாம் வந்தாங்க. எனக்குத் தெரிஞ்சுது. எங்கிட்ட வர்ல. அக்கா என்ன உட்டுட்டாங்க."

அப்போதுதான் காய்ச்சலோடு வந்த அன்று அவர் கொடுத்த, என் நோட்டில் குண்டூசி குத்தியபடி இருந்த கடைசிச் சீட்டு நினைவுக்கு வந்தது. அதை அதுவரை யாரும் பிரிக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் பிரித்தேன். பத்துப் பெயர்கள் இருந்தன. பிரித்திகாவின் பெயர் இல்லை. வரிசை முழுவதும் பொருந்தியது என்று ஊரில் சொல்கிறார்கள். அதுவும் தவறு. மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறியிருந்தன. மற்ற எட்டும் பொருந்தின. தரையில் பன்னிரண்டாவது தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இல்லை. ஆனால் அவர் உயிரோடு நடந்த நாட்களிலும் அது இருந்ததில்லையே?

இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. இருப்பதுபோல் நடிக்கவும் மாட்டேன்.

இதற்குப் பிறகு நடந்தது எனக்கு அதைவிட அச்சம் தருகிறது. பேய் நடக்கும் இடம் என்று சொல்லிக் கொட்டகையைப் பூட்டினார்கள். நான்கு வீடுகளில் பெண்களை வகுப்புக்கு அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். தலைவர் அவர்கள் என்னிடம் அன்பாகத்தான் சொன்னார்: "எதுக்கும்மா இந்தத் தலைவலி? பள்ளி மைதானத்துல மறுபடியும் கராத்தே வெச்சிக்கலாம். பெல்ட் குடுத்தா பேப்பர்ல ஃபோட்டோ வரும்." பூட்டிய பத்து நாட்களும் பெண்கள் அதே பாதையில்தான் நடந்து போகிறார்கள். அணைக்கரையில் பிரித்திகாவைத் தள்ளிய அந்த ஆள் இன்னும் வெளியில்தான் இருக்கிறான். உயிரோடு இருக்கும் அவனை விட்டுவிட்டு, இறந்த தேவசேனாவுக்கா நாம் பயப்பட வேண்டும்? நம் பெண்களுக்குப் பின்னால் நடந்தவர்களில், அவர்கள் நலத்துக்காகவே நடந்தவர் அவர் ஒருவர்தானே!

தேவசேனா, உங்கள் பாடத்தை நாங்கள் விட மாட்டோம். விழுவதைச் செங்கம்மா சொல்லித் தருவார். நோட்டு என்னிடம் இருக்கும். வெறுங்காலோடு பின்னால் நடக்கும் வேலையைப் பிரித்திகா ஏற்றுக்கொண்டிருக்கிறாள். நேற்று அவளே என் வீட்டுக்கு வந்து கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

தலைவர் அவர்களே, கொட்டகைச் சாவி உங்களிடம் இருக்கிறது. வரும் ஒன்றாம் தேதி முதல் தேவசேனாவின் வகுப்பு அதே கொட்டகையில், அதே முறையில் தொடருமா, தொடராதா? தலையசைப்பு வேண்டாம், கைதட்டலும் வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பதிலை எழுதி, கையெழுத்திட்டு, எனக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.