ஆடும் பல்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் முன் இருக்கைப் பேச்சை ஒட்டுக் கேட்டேன். என் வயதுக்குத் தகாத செயல்தான்.

"நெஞ்சுல ஆபரேஷன் பண்றவங்களுக்கு என் பல்லு எதுக்குக்கா?" என்றார் மடியில் எக்ஸ்ரே உறை வைத்திருந்த ஐம்பது வயதுக்காரர்.

"மயக்க டாக்டர் வாயைத் தொறக்கச் சொல்லி, பல்லு ஆடுதான்னு கேட்டாங்கல்ல? இல்லைன்னு ஏன்டா தலையாட்டுன?" என்று அவருடைய அக்கா கேட்டார்.

"சொன்னா பல்லு டாக்டர்ட்ட அனுப்பி, ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவாங்க. ஆலைலேர்ந்து கரும்புக்கு வெட்டு ஆர்டர் வர்ற நேரம்."

"அறிவு கெட்டவனே! மயக்கத்துல மூச்சுக்கொழாய வாய் வழியாத்தான் வுடுவாங்களாம். பல்லு கழண்டு நுரையீரலுக்குள்ள வுழுந்தா?"

"அதான் இன்னொரு நுரையீரல் இருக்குல்ல?" என்று அவர் சிரித்தார்.

"ஒண்ணைச் சுருக்கி வச்சிட்டுத்தான் அறுப்பாங்க. மிச்சம் இருக்கற ஒண்ணுலதான்டா நீ மூச்சு வுடணும்."

சிரிப்பு நின்றது. அவர் துணை தேடுவதுபோல் திரும்பி என்னைப் பார்த்தார். அக்கா சொல்வது சரி என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். தூங்குகிறவன்போல் கண்களை மூடிக்கொண்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

வெகு நேரம் கழித்து அவர் குரல் தணிந்து கேட்டது.

"நாளைக்கு அட்மிட் ஆவறப்ப நீயே டாக்டர்ட்ட சொல்லிடுக்கா. மறைச்சேன்னு சொல்லாத. மறந்துட்டேன்னு சொல்லு."