ஒன்பது கைத்தவறுகள்

நான் காப்பி குடிப்பதில்லை. காப்பி விளையும் ஜாவாவில், எங்கள் செமாராங் ஊரில் அது கொஞ்சம் விசித்திரம்தான். குடித்தால் விரல் லேசாக நடுங்கும். எலியின் கழுத்தில் ஓடும் ரத்தக்குழாய் தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் பருமன். அங்கே நடுக்கம் ஆகாது.

பதினைந்து வருஷமாக என் வேலை எலிகளுக்குப் பக்கவாதம் வரவழைப்பது. கழுத்துக் குழாயில் நைலான் இழையை நுழைத்துப் பதினெட்டு மில்லிமீட்டர் மேலே தள்ளினால், மூளையின் வலப்பக்கத்தில் ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஒன்றரை மணி நேரம் கழித்து இழையை உருவிவிட்டு மருந்து கொடுப்போம். மறுநாளுக்குள் எலி செத்தால், இழை குத்திச் செத்ததா, மருந்தால் செத்ததா என்று நான் சொல்ல வேண்டும். 'கைத்தவறு, பிரசோஜோ' என்று என் பெயரைப் போட்டுப் பதிவேட்டில் எழுதிவிட்டால் அந்த எலி ஆய்வில் சேராது.

டாக்டர் ஹர்த்தினி பன்னிரண்டு வருஷம் உழைத்துக் கண்டுபிடித்த மருந்தை இருபது எலிகளுக்குக் கொடுத்தோம். பதினொன்று மூன்றாம் நாளே நேராக நடந்தன. அப்படி நடந்த எலிகளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒன்பது செத்தன. அந்த ஒன்பதுக்காக மருந்தைக் குழி தோண்டிப் புதைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது தடவையும் கைத்தவறு என்று எழுதினேன். தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள ஒருவன் பொய் சொல்வான் என்று யார் நினைப்பார்கள்? டாக்டர்கூடக் கேட்கவில்லை.

வெனிங் மட்டும் கேட்டாள். செத்த எலிகளின் மூளையை அறுத்துப் பார்ப்பவள் அவள்.

"அண்ணா, நீங்க இழை விட்டது வலப்பக்கம். ரத்தம் இடப்பக்கம்ல கசிஞ்சிருக்கு?"

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு. மூளைத் துண்டு இருக்குற தட்டைத் திருப்பி வெச்சிருப்ப."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கும் அவளை ரொம்பப் பிடிக்கும்.

இரண்டு வருஷத்தில் மருந்து மனிதர்களுக்கான சோதனைக்கு வந்தது. ஒரு மழைநாள் மதியம் வெனிங் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். அவள் அப்பாவுக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது.

"நம்ம மருந்தக் கொடுக்கலாமான்னு கேக்குறாங்கண்ணா. கையெழுத்துப் போடவா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஒன்பது எலிகளையும் சொல்ல வேண்டியிருக்கும். தவிர, பதினொன்று பிழைத்ததும் உண்மைதானே.

"போடும்மா," என்றேன்.

மறுநாள் அவர் இறந்துவிட்டார். ஏழாம் நாள் அவள் வீட்டில் குர்ஆன் ஓதலுக்குப் போயிருந்தேன். வெனிங் சோற்றுப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அப்பாவுக்கு அடைப்பு இடப்பக்கம். ரத்தம் கசிஞ்சது வலப்பக்கம். இங்க யாருண்ணா தட்டைத் திருப்பி வெச்சது?"

சாவு வீட்டில் மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்பதால் சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன். மறுநாள் அவள் புகார் கொடுக்க உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன், ஐயா. தெரிந்துதான் எழுதினேன். தெரிந்துதான் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவரைக் கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பழைய பதிவேட்டை மட்டும் தயவுசெய்து திருத்தச் சொல்லுங்கள். அந்த ஒன்பது எலிகளில் ஒன்றுகூட என் கையால் சாகவில்லை. பதினைந்து வருஷத்தில் என் கை ஒரு தடவைகூடத் தவறியதில்லை.