ஆறு வயசுச் சட்டை

அந்த பஸ்ஸு போனாப் போகுதுங்க, அடுத்ததுல போயிக்கறோம். நீங்க உக்காருங்க. டாக்டரம்மாவப் பார்த்துட்டு வாறோம், புள்ளைக்கு ரத்தத்துல சர்க்கர எப்படியிருக்குதுன்னு. ஆமாங்க, அங்க கயிறு தாண்டிட்டிருக்கறாளே, அவளேதான். நதியா. ஒன்பது வயசு. போன வருசம் ரெண்டு குதி குதிச்சா மூச்சு வாங்கி உக்காந்துக்குவா.

எல்லாம் எங்க ஊட்டுக்காரரு பண்ணுன கூத்துங்க. பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரு. எக்ஸ்போர்ட்ல தள்ளுன சட்டை ஒண்ணு கொண்டாந்தாரு. ஆறு வயசுன்னு லேபிளு. புள்ளைக்கும் அப்ப ஆறு வயசு. போட்டுப் பார்த்தா தோளு முழங்கைக்கு வந்துருச்சு. மனுசன் மொகம் செத்துப்போச்சு. புள்ள எளச்சுக் கெடக்குதுங்கறாரு. சட்டைதானுங்க பெருசுன்னேன். கம்பெனி அளவு தப்பாதுன்னுட்டாரு.

அப்பறமென்ன, தெனமும் முட்டை பப்ஸு, தேங்கா பன்னு, கலரு சோடா. மாசாமாசம் அந்தச் சட்டையப் போட்டுப் பார்க்கறது. சட்டை பொருந்துன அன்னிக்கு லைன் ஊட்டுல குடியிருக்கற அத்தன பேருக்கும் லட்டு குடுத்தாரு. அதோட நின்னுதுங்களா? எட்டு வயசுல பதினாலு வயசு லேபிளுக்குப் போயிட்டா.

மூச்சு வாங்குதுன்னு கூட்டிட்டுப் போனா, டாக்டரம்மா சட்டைக் கதையக் கேட்டுட்டுச் சிரிச்சே போட்டாங்க. அது வெள்ளைக்காரப் புள்ளைங்க ஒடம்புக்கு வெட்டுனதுங்கன்னாங்க. அப்பறம் சிரிக்கல. சர்க்கர ஏறுது, அடுத்த தீவாளி வரைக்கும் பார்ப்போம், எறங்கலைன்னா இந்த வயசுலயே மருந்துன்னுட்டாங்க.

அன்னிக்கே மொபெட்ட மூடி வெச்சுட்டாரு. பள்ளிக்கூடத்துக்கு அப்பனும் மகளும் நடைதான். அவரு தொப்பை கரைஞ்சு பேண்டு நிக்க மாட்டீங்குது, கம்பெனி நாடாவப் போட்டுக் கட்டியிருக்கறாரு. மாஸ்டரு ஊர உட்டே போயிட்டாரான்னு பேக்கரிக்காரரு விசாரிச்சாராம். ஊட்டுல எல்லாருக்கும் ஒரே சாப்பாடுங்க, கீரை, கொள்ளுப்பருப்பு. மொதல்ல புள்ள தட்டத் தள்ளுனா. அப்பறம், அப்பன் கொள்ளு திங்கற மொகரையப் பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சே தின்னு பழகிட்டா.

அம்மிணி, இந்தப் பக்கமா வந்து ஆடு கண்ணு. அப்பா கொய்யா வாங்கப் போயிருக்கறாரு, இப்ப வந்துருவாரு.

கொய்யாவும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க. மெதுவாப் பாருங்க, டீக்கடைக்குப் பொறத்தால, வேப்பமரத்தப் புடிச்சுட்டு நிக்கறாரே நீலச்சட்டை, அவருதான். சர்க்கர எறங்கிருச்சு, மருந்து வேண்டாம்னு டாக்டரம்மா இப்பத்தான் சொன்னாங்க. வெளிய வந்ததும் அங்க போயி நின்னுட்டாரு. புள்ள பார்த்தாப் பயந்துக்குவா. அவரு அழுது முடிக்கட்டும்னுதானுங்க உங்களப் புடிச்சு வெச்சுப் பேசிட்டிருக்கறேன்.