பதினொரு மணிப் பிரசவம்

என் பெயர் பிரெண்டன் ஃபர்லாங், த/பெ மைலி ஃபர்லாங், வயது 54, வெக்ஸ்ஃபோர்டு மாவட்டம், துறைத் தெரு, 9ஆம் எண் வீட்டில் வசிக்கிறேன். பஞ்ச காலத்தில் சனங்களை அமெரிக்காவுக்கு ஏற்றிப்போன "மேரி கெனி" பாய்க்கப்பலைப் போலவே கட்டி, ஆற்றுத்துறையில் நிறுத்தியிருக்கும் காட்சிக் கப்பலில் மாலுமி வேடம் போடுகிறேன்.

சீட்டு வாங்கும் ஒவ்வொருவருக்கும், 1848இல் அந்தக் கப்பலில் போன ஒருவர் பெயரைக் கொடுப்போம். அவர் கரை சேர்ந்தாரா என்பது இறங்கும்போதுதான் பலகையில் தெரியும். தினமும் பதினொரு மணிக்குக் கீழ்த்தளத்தில் நடிகை பிரீடா பிரசவ வலியில் கத்துவாள். அதை நிஜமென்று நம்பிய பார்வையாளர்கள் கூப்பிட்டு, காவலர் டூஹி இரண்டு முறை ஓடிவந்து அசடு வழிந்திருக்கிறார்.

நேற்று பிரீடா கத்தி முடித்த பிறகும் கத்தல் நிற்கவில்லை. சீட்டு வாங்கிப் பார்க்க வந்த ஷினேட் கின்செல்லா என்ற நிறைமாதப் பெண் கட்டில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கை தட்டியது. "அம்மா தாயே, கத்துறதுக்குச் சம்பளம் வாங்குறவ அங்க இருக்கா, நீங்க சும்மா இருங்க" என்று நானும் சொன்னேன். அதற்கு அவள், "யோவ் மடையா, பனிக்குடம் உடைஞ்சிருச்சுய்யா!" என்றாள். குனிந்து பார்த்தேன், தரைப் பலகையெல்லாம் ஈரம்.

அதன் பிறகு ஆம்புலன்ஸுக்குப் பேசியதில், நெடுஞ்சாலையில் விபத்து, வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். அதன் பிறகு துறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த டூஹியிடம் ஓடினேன். "போய்யா பிரெண்டன், மூணாவது தடவையும் ஏமாற நான் என்ன இளிச்சவாயனா?" என்று சிரித்தார். அதன் பிறகு, சாவியோடு நின்ற போலீஸ் காரில் நானும் பிரீடாவும் அந்தப் பெண்ணை ஏற்றி, சைரனைப் போட்டு, மாலுமித் தொப்பியோடு நானே ஓட்டினேன். இரண்டு சிவப்பு விளக்குகளைத் தாண்டினேன். என் ஆயுசில் அப்படி ஓட்டியதில்லை!

பாலம் தாண்டியதும் அவள் கையில் கசங்கிய சீட்டைக் காட்டி, "இந்த ஹானோரா கல்லட்டி, இவ உசுரோட போய்ச் சேந்தாளா?" என்று கேட்டாள். ஹானோரா முப்பத்தோராம் நாள் நடுக்கடலில் பிரசவத்தில் பிள்ளையோடு செத்தவள். "பாஸ்டன்ல இறங்கி ஒம்போது பெத்தாம்மா, ஒம்போதும் தங்கம்! நீ முக்கு!" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில், பின்சீட்டிலேயே, 11.42க்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரீடாதான் ஏந்தினாள். தினமும் பொய்யாகக் கத்துகிறவள், நிஜமாகக் கத்திய குழந்தையைத் தன் வேடச் சால்வையில் சுற்றினாள். நான் சைரனை அணைக்க மறந்து நடுரோட்டில் ஆடினேன். குழந்தைக்கு ஹானோரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அனுமதியில்லாமல் காரை எடுத்தது நான்தான், பிரீடாவுக்கு இதில் சம்பந்தமில்லை. வாசித்துக் காட்டக் கேட்டேன். இதில் நான் சொன்னது முழுக்க உண்மை. ஷினேட்டிடம் சொன்னது ஒன்றுதான் பொய், அதை யாரும் அவளிடம் திருத்த வேண்டாம்.

(ஒப்பம்) பி. ஃபர்லாங்