போன் ஸ்டாண்ட் வேணாம்க்கா

இல்லக்கா, நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல. வண்டியோடயே வந்த நேவிகேஷன், கம்பெனியில போட்டது, அதனால விலை கொஞ்சம் கூட. சரி. ஆனா அந்தக் கூடுதல் காசைக் குடுத்தது நீங்க, புதுசா வாங்கறப்ப. அதக் கொண்டாந்து என் தலையில கட்டினா எப்படி? டயர் தேஞ்சதுக்கு விலை கொறையுது, சீட்டு கிழிஞ்சதுக்குக் கொறையுது, மேப்பு மட்டும் பழசானா விலை ஏறுமா? அது என்ன தங்கமா? தெருவுல போற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, போன்லயே ஓசியில வழி காட்டுது, இதுக்குப் போய்க் காசு குடுப்பாங்களான்னு.

சிரிக்காதீங்க. நான் வாங்க மாட்டேன்னு சொல்லல. ஏமாற மாட்டேன்னுதான் சொல்றேன்.

கதவத் தொறந்ததுமே ஒரு ஈர வாடை அடிச்சுது, நீங்க கவனிச்சீங்களா? நான் உடனே கால்மிதியத் தூக்கிப் பாத்தேன். தண்ணியில முங்கின வண்டியத் துடைச்சு மினுக்கி விக்கறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். என்னது, நாயா? இதுலயா ஏத்திட்டுப் போவீங்க? எங்க, அந்த நாய் எங்க இப்ப? ம்... ஆமா, மாடியில கொரைக்குது. சரி, நம்பறேன்.

உங்க வீட்டுக்காரர் எங்க வேலைன்னு கேட்டேனே, நீங்க பதிலே சொல்லல. ஓ, பேங்கா. கேஷியரா, இல்ல வெளிய போய்க் கடன் வசூல் பண்ற வேலையா? உள்ளயே உக்காந்து பாக்கறதுதானா. கட்டட கான்ட்ராக்ட்காரங்க யாரும் அவருக்குப் பழக்கமா? டைல்ஸ் வேலை, மார்பிள் வேலை அப்படி எடுத்துப் பண்றவங்க? இல்ல, சும்மாதான் கேட்டேன். இந்த வீட்டுத் தரை பளிச்சுன்னு இருக்கே, யாரு போட்டதுன்னு ஒரு இது. உங்க மாமனார் காலத்துத் தரையா? அப்ப சரி.

சாவியக் குடுங்க, ஸ்க்ரீன் வருதான்னு பாப்போம். ஏன் இவ்வளவு நேரம் எடுக்குது? தூங்கி எழுந்து வர்ற மாதிரி வருது. இருங்க, ஒரே விரல் ரேகையா இருக்கு, துடைச்சுடறேன். இந்தத் துணியா? கண்ணாடிக்கடையில வேலை எனக்கு, லென்ஸ் துடைக்கற துணி எப்பவும் பையில கெடக்கும். ம், இப்ப தெரியுது. அட, நீங்க போன எடமெல்லாம் வரிசையா நிக்குதே. மார்க்கெட், ஸ்கூல், மார்க்கெட்... இது என்ன எடம், திரும்பத் திரும்ப வருது? எதுக்கு அங்க இத்தன தடவ? நெசமாத்தான் கேக்கறேன், அந்தப் பக்கம் ஒண்ணுமே கெடையாதே, வெறும் கொடோன்தான? யாரப் பாக்கப் போனீங்க?

ஓ. உங்க அப்பாவுக்கு. கால் மசாஜ் பண்ற எடமா. ஐயோ, மன்னிச்சுக்குங்கக்கா. இப்ப எப்படி இருக்கார்? நடக்கறாரா? நல்லது. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வாய் முந்திக்குது.

சரி, மேப்பப் பாப்போம். இதோ பாருங்க, ஸ்டேஷன் பக்கத்துல மேம்பாலம் கட்டி எத்தன காலமாச்சு, இதுல இன்னும் கீழ் ரோடு மட்டும்தான் இருக்கு. இத நம்பிப் போனா தூணுல போய் முட்டணும். புதுசா ஏத்தணும்னா அதுக்குத் தனியா ஒரு கார்டு வாங்கணும்னு நீங்களே சொல்றீங்க. அந்தச் செலவ யாரு பண்றது? ஆங், அதான். இப்படிக் கேட்டாதான் உங்க வாயிலிருந்து வரும்.

கொஞ்சம் தள்ளிக் காட்டுங்க. இன்னும். மலைக்கு அந்தப் பக்கம். அங்க ஒரு ரோடு இருக்கணும், ஆத்த ஒட்டியே போய்ப் பெரிய பாலத்துல ஏறும். இருக்கா? இருக்கு. அதுக்கப்புறம்? அந்த ஊரு பேரு வருதா? வருது. அந்த ரோடெல்லாம் மாறியிருக்காதுக்கா, அந்தக் காலத்து ரோடு. இல்ல, நான் போனதில்ல. கூடப் படிச்சவ ஒருத்தி அங்க அச்சகம் வச்சிருக்கா, அவ சொல்லித்தான் தெரியும். மாடியில ஒரு ரூம் சும்மா கெடக்காம், வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நான் தனியாத்தான் ஓட்டிட்டுப் போகணும். வழியில யாரையும் நிறுத்திக் கேக்கற மாதிரி இருக்கக் கூடாது. அதனாலதான் இந்தப் பொட்டிய இப்படிக் கொடையறேன். பாதி வழியில கண்ண மூடிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க?

அதவிட முக்கியமா ஒண்ணு. இது யாருக்காவது சொல்லுமா? அதாவது, நான் இப்ப எங்க இருக்கேன்னு இதுக்குத் தெரியுதில்ல, அத வெளிய யாருக்காவது அனுப்புமா? சிம் கார்டு எங்கயாவது சொருகியிருக்கா? சீட்டுக்கு அடியில, டிக்கியில? மேல சாட்டிலைட்டுலேருந்து வாங்கிக்குமே தவிர திருப்பி எதுவும் அனுப்பாது... உங்களுக்கு யாரு சொன்னாங்க, உங்க வீட்டுக்காரரா? மெக்கானிக் சொன்னாரா? ரெண்டு பேரும் சொன்னாங்களா. நெட்டே வேணாமா? மழையில, காட்டுல, எங்க போனாலும்? சரி. அப்ப இங்க ஒரு போன் பேர் காட்டுதே, அது யாரோடது? உங்க வீட்டுக்காரர் போனா? பாட்டு கேக்கறதுக்குச் சேத்து வச்சதா. அத எடுத்துடுங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடி.

ஓட்டத் தெரியுமாவா? கல்யாணத்துக்கு முந்தியே லைசென்ஸ் எடுத்தவக்கா நான். ஏறுங்க, பெல்ட்டு போட்டுக்குங்க. மெயின் ரோடு வேணாம், இந்தச் சந்துக்குள்ளயே ஒரு சுத்து போதும். பயமெல்லாம் இல்ல, மெயின் ரோட்டுல தெரிஞ்சவங்க பாத்தா நின்னு பேசணும், அதுக்குத்தான். எங்க போகணும்னு போடுங்க, சும்மா ஒரு எடம். தபால் ஆபீசா, சரி.

இடது பக்கம் திரும்பச் சொல்லுது. நான் வலது பக்கம் போறேன் பாருங்க. வேணும்னேதான். என்ன சொல்லுதுன்னு பாக்கணும்.

ம்.

இப்பவும் தப்பாத்தான் போறேன். நேரா போன்னுச்சு, நான் திருப்பிட்டேன்.

அக்கா, இது திட்டவே மாட்டேங்குதே. ஏன் திரும்பினேன்னு கேக்கல, உனக்குப் புத்தி இருக்கான்னு கேக்கல. சரி, இங்கேருந்து இப்படிப் போன்னு மட்டும் சொல்லுது. அதே குரல்ல. இன்னொரு தடவ பண்றேன், கோவிச்சுக்காதீங்க, பெட்ரோல் நான் போட்டுடறேன்... பாருங்க. மாறவே இல்ல. இருங்க, ஒரு ஓரமா நிறுத்திக்கறேன். ஒரு மெஷினுக்குப் போய்.

ஒண்ணுமில்ல, ஏசிக் காத்து கண்ணுல அடிக்குது. வீட்டுக்கே திருப்பிடறேன். பிரேக்கு நல்லா இருக்கு. கிளட்ச்தான் கொஞ்சம் தூக்கிப் பிடிக்குது, அதுக்குக் கொறைச்சுக்குவீங்கல்ல?

என்னது? உங்க கொழுந்தன் வண்டியா? இதே மாடல், நேவிகேஷன் மட்டும் இல்ல, விலையும் நல்லாக் கொறைவு. கூடப் போன் ஸ்டாண்டும் நீங்க சும்மாவே தரேங்கறீங்க. இவ்வளவு நேரம் இந்த மேப்பு தண்டம்னு பேசினேனே, அப்ப அதத்தான எடுத்துக்கணும்னு பாக்கறீங்க. நியாயந்தான். நல்ல மனசோடதான் சொல்றீங்க, மொதல்ல எனக்குத்தான் சந்தேகம் வந்துச்சு, இவங்க எதுக்கு ஓடற வியாபாரத்த விட்டுட்டுக் கொழுந்தன் வண்டியக் காட்டறாங்கன்னு. ஆனா வேணாம்க்கா. எனக்கு இதுதான் வேணும். போன் ஸ்டாண்டும் வேணாம்.

நான் ஏன் இப்படிக் கேள்வியாக் கேக்கறேன்னு நெனைக்கறீங்க, உங்க மூஞ்சியிலயே தெரியுது. பொறந்ததுலேருந்து இப்படி இல்லக்கா நான். எங்கம்மா என்னை ஏமாளின்னுதான் கூப்பிடுவாங்க. யாரு என்ன சொன்னாலும் தலையாட்டிட்டு வந்துடுவேன். இது எனக்குக் கேட்டுக் கேட்டே வந்த வாய். பஸ்ஸு வந்ததும் ஏறலையா, அந்தக் கடை வாசல்ல ஏன் அவ்வளவு நேரம் நின்ன, அங்க நிக்கறதுக்கு என்ன இருக்கு, யாரப் பாக்கப் போன. தெனமும் சாப்பாட்டத் தட்டுல போட்டதும் ஆரம்பிக்கும். நான் செருப்புத் தைக்க நின்னிருப்பேன், அக்கா. அறுந்த செருப்பக் கொண்டாந்து காட்டினப்புறம்தான் எங்க வீட்டுக்காரர் சோத்துல கைய வைப்பார்.

முன்னாடி உங்க அப்பா விஷயத்த அப்படிக் கேட்டேன் பாருங்க. கேட்டு முடிச்சதும் எனக்கே திக்குன்னுச்சு. அது என் கேள்வியே இல்ல. அவரோட வார்த்தை, அவரோட குரலு கூட. நானும் அப்படியே ஆயிட்டு வர்றேன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

சரி விடுங்க. விலைய முடிச்சுக்குவோம். முதல்ல சொன்னதுல கிளட்ச்சுக்கு மட்டும் கொறைச்சுக்குங்க, மத்தபடி நீங்க சொன்னதே. வேணாம், அதுக்கு மேல கொறைக்காதீங்கக்கா. பாவப்பட்டுக் கொறைச்சீங்கன்னா, வண்டியில என்னமோ கோளாறுன்னு ராத்திரி பூரா சந்தேகப்பட்டுக்கிட்டுக் கெடப்பேன். கையிலேயே கொண்டு வந்திருக்கேன், எண்ணிக்குங்க. திருட்டுக் காசு இல்ல, என் சம்பளத்துல சீட்டு கட்டிச் சேத்தது. வண்டி வியாழக்கிழமை வரைக்கும் இங்கயே நிக்கட்டும், இந்த ஷெட்டுக்குள்ளயே. வெளிய நிறுத்தாதீங்க. காலையில கடைய நான்தான் தொறப்பேன், தொறந்துட்டு நேரா இங்க வந்துடறேன். பேப்பரெல்லாம் என் பேர்லயே இருக்கட்டும். எங்கம்மா வீட்டு விலாசம் போட்டுக்குங்க.

நீங்க போன எடமெல்லாம் அழிச்சுட்டீங்களா? வீடுன்னு உங்க விலாசம் ஒண்ணு நிக்குது பாருங்க, அதையும் எடுத்துடுங்க. என்னோடதா? எங்க வீட்டு விலாசம் இதுக்குத் தெரியவே வேணாம். அந்த எடம் காலியா இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.

போன் நம்பரா? அது எதுக்கு? பேப்பர் ரெடியானா கூப்பிடவா. வேணாம்க்கா, கூப்பிடாதீங்க, மெசேஜும் போடாதீங்க. நானே நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல நடந்து வந்து கேட்டுட்டுப் போறேன். இல்ல, போன் இப்ப என்கிட்ட இல்ல. தொலைக்கல. கடையில என் மேஜை டிராயருக்குள்ள இருக்கு, பிரேம் டப்பாவுக்கு நடுவுல. என் பாதுகாப்புக்குன்னு அதுல ஆப் ஒண்ணு போட்டுக் குடுத்திருக்கார் எங்க வீட்டுக்காரர், நான் எங்க இருந்தாலும் அவர் போன்ல ஒரு நீலப் புள்ளி தெரியும். எந்தக் கட்டடத்துல கான்ட்ராக்ட் எடுத்து நின்னு டைல்ஸ் எண்ணிட்டிருந்தாலும், நடுவுல எடுத்துப் பாத்துக்குவார். புள்ளி கடையில இருந்தா நான் கடையில இருக்கேன். இப்பக்கூட அங்க உக்காந்து யாருக்கோ கண்ணாடி மாட்டிட்டு இருக்கேன். பேசணும்னு கூப்பிட்டா, பக்கத்து மேஜைக்காரி எடுத்து, அவ கஸ்டமர் கண்ணப் பாத்துட்டிருக்கா சார்னு சொல்லிடுவா. வியாழக்கிழமையும் சொல்றேன்னிருக்கா.

அதனாலதான்க்கா போன் ஸ்டாண்ட் வேணாம்னேன். நான் ஆத்தத் தாண்டிப் பாலத்துல ஏறற வரைக்கும் அந்தப் புள்ளி அசையாம அங்கயே இருக்கணும். சார்ஜ் மட்டும் எறங்கிடக் கூடாது. பழைய சார்ஜரு அப்பப்ப விட்டு விட்டு ஏறுது, நம்ப முடியல. வர்ற வழியில புதுசா ஒண்ணு வாங்கிட்டேன், இதோ பையில இருக்கு.