பாலில் காசு வாடை

இந்தக் காலத்தில் இரும்புக் கேட்டில் துரு ஏறினால் யாரும் சுரண்டுவதில்லை, இன்ஸ்பெக்டர். மேலே பெயிண்டை அடித்து மறைத்துவிட்டு உள்ளே போய் டிவி பார்க்கிறார்கள். நான் அப்படி வேலை பார்த்தவன் இல்லை. உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் பட்டறையில் தலை நரைத்தவன். நான் முக்கி எடுத்த இரும்பு துருப்பிடித்ததாக எவனும் வந்து நின்றதில்லை.

என் மனைவிக்குக் காலில் ஆறாத புண். மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையை நீட்டி, "ஜிங்க், பெரியவரே. துத்தநாகச் சத்து" என்றார். எழுதிக்கொடுத்த டாக்டர்மேல் எனக்கு மரியாதையே வந்தது. புண் ஆறியதும் அவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். வந்த மரியாதை போய்விட்டது. சத்து என்று பெயர் வைத்துவிட்டு, போதும் என்றால் என்ன அர்த்தம்?

அவள் நிறுத்தினாள். நான் நிறுத்தவில்லை. பொடித்துப் பாலில் கலந்தேன்.

"என்னங்க, பால்ல காசு வாடை அடிக்குது."

"வயசானா நாக்கு அப்படித்தான்டி. குடி."

குடித்தாள். என் பேச்சைத் தட்டாதவள். பிறகு முகம் வெளுத்தது, படியேறினால் மூச்சு வாங்கியது. கூடுதலாகப் போட்டேன். செருப்பு கழன்றது தெரியாமல் தெருவில் நடந்து வந்தாள். இன்னும் கூடுதலாகப் போட்டேன். குளியலறையில் விழுந்தாள்.

மகள் கேட்டாள். "அப்பா, அம்மாவுக்கு இன்னும் அந்த மாத்திரையக் குடுக்கறீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

அது பொய். எழுதிக்கொள்ளுங்கள்.

துத்தநாகம் மிஞ்சினால் உடம்பிலுள்ள செம்பைக் குறைத்துவிடுமாம். அதனால் ரத்தம் சுண்டி, கால் நரம்பும் கெட்டுவிட்டதாம். இனி நடப்பது சந்தேகம் என்கிறார் டாக்டர். செம்பு குறைய அவள் என்ன அண்டாவா?

இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து மாத்திரை நின்றதும் முகம் தெளிந்துவிட்டதாம். நேற்று அவளே சொன்னாள், "இப்ப பால் நல்லா இருக்குங்க." அதைக் கேட்டபோதுதான், துத்தநாகம் நின்றுபோயிற்றே என்று எனக்குப் பயம் வந்தது.

நான் கொடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் கொடுத்தேன். அவள் கால் போயிற்று. எல்லாம் உண்மை. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருப்பதாக மட்டும் எழுதாதீர்கள்.

கையெழுத்துப் போட்டாயிற்று. மகள் வார்டுக் கதவை மறித்து நிற்கிறாள். நிற்கட்டும். நான் கிளம்புகிறேன், கூப்பிட்டால் வருகிறேன். அம்மாவைக் காப்பாற்ற விடாமல் தடுத்தது யார் என்று ஒருநாள் அவளுக்கே தெரியும்.